நாலும் ஒன்பதும்

மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு வாசலில் மாலைப் பனிமூட்டம் ஏறுகிறது. வேன் ஓட்டிவிட்டு வந்த பிரதாப், மனைவி சுதர்ஷினியின் போனைப் பிடித்தபடி நிற்கிறான். அவளோடு படிக்கும் றிஷாத் அனுப்பியிருக்கிறான்: "4 மட்டுமில்ல, 9உம் சரி." "நாலு மணிக்கு எங்க வரச் சொல்றான்? ஒன்பது மணிக்கு எங்க?" என்று அவளிடம் கேட்கிறான். "கணக்குங்க அது. ஒரு எண்ண ஆறால பெருக்கி பத்தால வகுத்தா மிச்சம் நாலு வரணும்." அவன் விரல் மடக்கிப் பெருக்குகிறான். இருபத்து நாலு, ஐம்பத்து நாலு. அடுப்பில் கேத்தல் கொதித்து மூடி தடதடக்கிறது. "ஒரு கணக்குக்கு எப்பிடி ரெண்டு விடை?" "ஆறுக்கும் பத்துக்கும் ரெண்டு பொதுவா இருக்கு. அது நாலையும் வகுக்குது. அதனால பத்துக்குள்ள ரெண்டு விடை." "ஒனக்கும் அவனுக்கும் என்ன பொதுவா இருக்கு?" அவள் கையை நீட்டுகிறாள். "படிப்பு. நாளைக்குப் பரீட்சை, போனைக் குடுங்க." திரை அணைகிறது. அவன் தொட்டு எரியவிட்டு, றிஷாத்தின் அந்த ஒரு வரியையே மறுபடி வாசிக்கிறான்.