அவள் போட்ட முடிச்சு

பால்கனி வெயிலில் உட்கார்ந்து மனைவி பயணப் பையைப் பிரிக்கிறாள். உள்ளே கூடத்தில் கணவன் மகளிடம் சிகரக் கதை அளக்கிறான். "கடைசி நாள் பூரா பனியிலதான் ஏறினோம். பூட்ஸுக்குள்ள காலு மரத்தே போச்சு." மகள் ஆவென்று கேட்கிறாள். பையின் அடியிலிருந்து மலையேறும் பூட்ஸ் வருகிறது, கடை வாசனைகூடப் போகாமல். ஒன்று தொலைந்துவிடக் கூடாதென்று, பத்து நாளைக்கு முன்னால் இரண்டின் கயிற்றையும் சேர்த்து அவள் போட்ட மூன்று சுற்று முடிச்சு அப்படியே இருக்கிறது. விரலால் நெருடிப் பார்க்கிறாள். அவனே திரும்பக் கட்டியிருப்பானோ? சட்டைப் பொத்தானையே மாற்றிப் போடுகிற ஆளாயிற்றே. அவிழ்க்காமல் எடுத்து வந்து, அவன் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கிறாள். "காலு ரொம்ப நொந்திருக்குமே. காட்டுங்க, தைலம் தேச்சு விடறேன்." சோபாவுக்கு அடியில் அவன் பாதங்கள் மெதுவாக உள்ளே நகர்கின்றன.