ஈரக் கரி

வெடிமருந்து ஆலையின் செந்நிறக் கழிவுநீரைத் தெளியவைத்த கரி, டிரம்களில் தேங்கிக் கிடக்கிறது. வெடிமருந்தை உறிஞ்சிய கரி, காய்ந்தால் ஆபத்து என்று தினமும் நான் தண்ணீர் ஊற்றுகிறேன். எரிக்கும் இடத்தில், வெடிக்கும் என்று திருப்பி அனுப்பினார்கள். புதைக்கும் இடத்தில், எரித்துவிட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள்.

"வெறும் கரிதானேய்யா, எங்கயாவது தள்ளிவிடு" என்று மேலாளர் கத்திக்கொண்டே இருப்பார்.

இன்று மதியம் குழாயோடு போனபோது ஒரு டிரம் காலியாக இருந்தது. வாயில் காவலர் மாசிலாமணி சிரித்தார்.

"காலையில நம்ம இஸ்திரிக்காரருக்குக் குடுத்துட்டேன் சார். மேனேஜர்தானே தள்ளிவிடச் சொன்னாரு? ஒரே ஈரம்னு ரோட்டுல பரப்பிவெச்சாரு. இந்நேரம் சுக்காக் காஞ்சிருக்கும்."

குழாயை இழுத்துக்கொண்டு ஓடினேன். சாலையின் எதிர்ச்சாரியில் இஸ்திரிக்காரர் தன் பெட்டியில் கரியைக் கொட்டி, தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

குழாய் வாசல்வரைதான் எட்டியது.