சுளுக்குக் கட்டு

மேடையில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த பித்தளைத் தாம்பாளத்தை ராஜவேல் காலால் தட்டிவிட்டார். பெண்ணைப் பெற்றவர், பாவம், பதற்றம் என்று மண்டபமே பரிதாபப்பட்டது.

பதற்றமும் இல்லை, பாவமும் இல்லை. குறி பார்த்துத் தட்டியதுதான்.

தாலிக்கு முன்னால் பெற்றவர்களுக்குப் பாதபூஜை செய்தே ஆக வேண்டும் என்று திடீரென்று கிளப்பிவிட்டவர் வீடியோக்காரர். அது இல்லாமல் ஆல்பம் நிறையாதாம். தாம்பாளத்தில் காலை வைக்க வேண்டுமானால், சுளுக்கு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கணுக்காலில் சுற்றியிருந்த கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் உள்ளே இருக்கும் கறுப்புப் பட்டை தெரிந்துவிடும்.

போன ஆடியில் வரப்புத் தகராறில் சொந்த அண்ணன் கையை மண்வெட்டிக் காம்பால் உடைத்துவிட்டு உள்ளே போனவர் ராஜவேல். எல்லாம் ஒரு பனைமரத்துக்காக. அதுவும் காய்க்காத ஆண்பனை. ஜெயிலில் வைப்பதற்குப் பதிலாகக் காலில் இந்தப் பட்டையை மாட்டி, கேஸ் முடியும்வரை அரியலூர் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். தாண்டினால் எங்கேயோ ஒரு ஆபீசில் மணி அடிக்குமாம். தினமும் காலை நீட்டி உட்கார்ந்து செல்போனைப் போல அதற்குச் சார்ஜ் ஏற்றும்போது, கொட்டகையில் கட்டிக் கிடக்கும் மாடு தன்னை ஒரு மாதிரி பார்ப்பதாக அவருக்குத் தோன்றும்.

சம்பந்தி உத்திராபதியிடம் சொல்லிவிடப் பலமுறை வாயெடுத்தார். ஆனால் அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பெண் பார்க்க வந்த அன்றே, தங்கள் வம்சத்தில் எவனும் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதித்ததில்லை என்று காபியை ஆற்றிக்கொண்டே சொல்லிவிட்டார். அதற்கப்புறம் யாருக்கு வாய் வரும்?

ஒன்று மட்டும் நல்ல காலம். மாப்பிள்ளைக்கு வேலை பெரம்பலூரில், அங்கேயே மண்டபம் பிடிக்கலாம் என்று எல்லோரும் சொன்னபோது, நம்ம மாவட்டத்தில் மண்டபமே இல்லையா என்று சம்பந்தியே சண்டை போட்டு ஜெயங்கொண்டத்தில் முடித்தார். அன்றைக்கு ராஜவேல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் பெண்ணுக்காக வாயை மூடிக்கொண்டார்கள். கை உடைந்த அண்ணன்கூட யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராஜவேலுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

"வேணாம்னு சொல்லிடுப்பா" என்று மேடையில் அபிநயா முணுமுணுத்தாள். வெட்கத்தில் குனிய வேண்டிய தலை, அப்பனால் குனிந்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் அவர் கால் நீண்டது.

தாம்பாளத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. தங்கள் பக்கம் அந்த வழக்கமே கிடையாது என்று வீடியோக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்த சம்பந்தி, ஓடிவந்த தண்ணீரில் வழுக்கித் தொப்பென்று விழுந்தார். மகன் கல்யாணத்துக்கும் பேன்ட்தான் போடுவேன் என்று வந்திருந்த மனிதர். பேன்ட் தொப்பலாகிவிட்டது.

கைத்தாங்கலாக அறைக்குக் கொண்டுபோனதும், எல்லோரையும் வெளியே போகச் சொன்னார் உத்திராபதி. ராஜவேல் மட்டும் போகவில்லை. கதவைத் தாழிட்டுவிட்டு, வீக்கம் பார்க்கப் பேன்டை மடிக்கப் போனார். சம்பந்தி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். தொடக்கூட விடவில்லை.

கோபம் நியாயம்தான் என்று நினைத்தார் ராஜவேல். ஒரு கல்யாணத்துக்கு இத்தனை பொய் போதும் என்றும் தோன்றியது. தரையில் உட்கார்ந்து தன் கட்டை அவிழ்த்தார். பட்டையில் பச்சை விளக்கு மினுக்கியது.

"சுளுக்கு இல்லைங்க சம்பந்தி. கோர்ட்டுல மாட்டிவுட்டது. எங்கயும் ஓடிடாம இருக்க. கூடப் பொறந்தவன் கையவே ஒடிச்சவன் நானு. உங்ககிட்ட மறைச்சிட்டேன். தாம்பாளத்த எத்திவுட்டதும் வேணும்னுதான்."

அவிழ்த்த துணியைக் கையில் சுருட்டிக்கொண்டார் ராஜவேல். "எம் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லைங்க. கல்யாணத்த நிறுத்துறதுன்னா, என்னையக் கேவலமாத் திட்டிப்புட்டு நிறுத்துங்க. அந்தப் புள்ளயப் பத்தி ஒண்ணும் சொல்லிடாதீங்க."

வெளியே யாரோ நேரமாகிறது என்று கதவைத் தட்டினார்கள். உத்திராபதி முகத்தில் இருப்பது கோபமா, அருவருப்பா என்று ராஜவேலுக்குப் பிடிபடவில்லை.

"ஏதாச்சும் சொல்லுங்க, சம்பந்தி."

தலைமையாசிரியர் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லக் குனிந்து, நனைந்த பேன்டைக் கணுக்காலுக்கு மேலே சுருட்டினார்.

"எனக்கு மணல் கேசு."