ரோட்டில் வைத்த கிளை

கார் பானட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது.

அவன் பின்னால் நகர்ந்தான். கண்ணாடிக்கு உள்ளிருந்து அவன் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் பருப்புப்பொடி டப்பாக்கள் வைத்த பை. காலையில்தான் விமானத்திலிருந்து இறங்கியிருந்தாள்.

அவளுக்காகக் காத்து நின்றதிலேயே அவன் போன் செத்துவிட்டது. அவள் போன் இந்த நாட்டில் பேசாது.

"யாரையாவது நிறுத்திக் கேளுங்க. உங்களுக்குத்தான் பாஷை தண்ணிபட்ட பாடாச்சே."

அவன்தான் அப்படிச் சொல்லியிருந்தான். நாலு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், போனில். முதலாளியோடு ஸ்பானிஷிலேயே பேசிச் சிரிப்பதாக.

இரண்டு பக்கமும் ஆரஞ்சுத் தோட்டம். வெயில்.

ஒரு கார் வந்தது. கையைக் காட்டினான். நின்றது. ஓட்டி வந்த பெண் கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

அவனிடம் இருந்ததெல்லாம், அவன் பழம் பறிக்கிற தோட்டத்து மேஸ்திரி கத்தக் கத்தக் காதில் ஏறிய சொற்கள். காஹா என்றால் பெட்டி. எஸ்கலேரா, ஏணி. மாஸ், இன்னும். ராப்பிதோ, சீக்கிரம்.

எல்லாம் ஏவுகிற சொல். கேட்கிற சொல் ஒன்றுகூட இல்லை.

கிராசியாஸ் தெரியும். அது உதவி கிடைத்த பிறகு சொல்கிற நன்றி.

"கோச்சே" என்று காரைக் காட்டினான். "ராப்பிதோ. ராப்பிதோ."

அந்தப் பெண் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"அவசரமாப் போறாங்களாம்."

அடுத்து வந்த வேனும் நின்று, முழித்து, போயிற்று. அதற்கடுத்தது நிற்கவே இல்லை. டயரை உதைத்தான். கால்தான் வலித்தது. அவள் இப்போது ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

கடைசியில், ஊரில் லாரி படுத்தால் செய்வதைச் செய்தான். ஓரத்து மரத்தில் தழையோடு ஒரு கிளையை ஒடித்தான். வண்டிக்குப் பின்னால் ரோட்டில் போட்டு, பறக்காமல் மேலே கல்லை வைத்தான். வண்டி நிற்கிறது, பார்த்து விலகு என்று அர்த்தம். எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும்.

டிராக்டர் ஒன்று வந்து நின்றது.

தொப்பி போட்ட பெரியவர் இறங்கினார். கிளையைப் பார்த்தார். அதில் பழங்கள் தொங்கின. கிளை ஒடிந்த மரத்தைப் பார்த்தார். கத்த ஆரம்பித்தார்.

ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. விரல் மட்டும் மரத்துக்கும் கிளைக்குமாகப் போய்வந்தது. அது விளங்கியது.

அவனுக்கு முழுசாகத் தெரிந்த ஒரே வாக்கியம் தானாக வாயில் வந்தது.

"பெர்தோன், ஹெஃபே."

மன்னிக்கணும், முதலாளி. சொன்னதும் தலை குனிந்தது. கைகள் கட்டிக்கொண்டன. தினமும் அப்படித்தான்.

கார்க் கதவு திறந்தது. அவள் இறங்கி நின்று அந்தக் கைகளைப் பார்த்தாள்.

பிறகு போய்க் கல்லை நகர்த்தினாள். கிளையை எடுத்தாள். இரண்டு கையாலும் பெரியவரிடம் நீட்டினாள். ஆவி வந்துகொண்டிருந்த பானட்டைக் கண்ணால் காட்டினாள்.

பெரியவர் கத்துவதை நிறுத்தினார். கிளையை வாங்கிக்கொள்ளவில்லை. டிராக்டருக்குப் போய்க் கயிறு எடுத்து வந்தார்.

டிராக்டர் இழுக்க, கார் சத்தமில்லாமல் உருண்டது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் விறைத்து நின்ற கயிற்றையே பார்த்தான். இப்போது கேட்பாள்.

அவள் மடியிலிருந்த கிளையில் ஒரு பழத்தைப் பறித்து உரித்தாள். ஒரு சுளையை அவன் வாயருகே நீட்டினாள்.

"பத்து வார்த்தை தேறுமா?"

"தேறாது."

கொஞ்ச தூரம் போனார்கள்.

"ஒண்ணு எனக்குச் சொல்லிக் குடுங்க."

பெட்டி. ஏணி. இன்னும். சீக்கிரம். அவளிடம் எதைச் சொல்வது?

"கிராசியாஸ்" என்றான்.

அவள் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள். தலையை வெளியே நீட்டி, டிராக்டர் சத்தத்துக்கும் மேலே, அதைச் சொன்னாள்.