கத்தரி படாத கிடா

“மூணு தடவை மருந்தடிச்சாச்சுங்க. மறுக்காவும் பேன் வந்துருதுங்களே!” என்றார், ரோமத்துக்காக அங்கோரா ஆடுகள் வளர்க்கும் காளியண்ணன்.

கால்நடை டாக்டர் தணிகாசலம் பட்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம், சடை தொங்கும் கிடா ஒன்று சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

“இதுக்கு மட்டும் ஏன் முடி வெட்டலை? மருந்தும் அடிக்கலையா? இதுலேர்ந்துதான்யா எல்லாத்துக்கும் தொத்துது!” டாக்டரே கத்தரியை எடுத்தார்.

“ஐயோ, வேண்டாங்க! சேர்வராயன் சாமிக்கு நேந்து உட்டதுங்க. வேண்டுதல் பலிக்கிற வரைக்கும் கை வெக்கப்படாதுங்க.”

“ஆட்டுப் பண்ணையா, பேன் பண்ணையா? எந்தப் புத்திசாலி நேந்தது?”

காளியண்ணன் தலையைச் சொறிந்தார்.

“உங்க ஊட்டுக்காரம்மாதானுங்க. இந்த ஏற்காட்டுக் குளுரை உட்டு, உங்களுக்குச் சீக்கிரம் சேலத்துக்கு மாத்தல் கெடைக்கோணும்னு…”

டாக்டர் கத்தரியைப் பைக்குள் வைத்தார்.

“சரி, மத்த ஆடுகளைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க.”