மருந்தில்லாத குச்சி

"வெறும் குச்சி வச்ச மூணு முயல் ரத்தத்துலயும் டி.பி. மருந்து இருக்குன்னு ரிசல்ட் வந்திருக்குண்ணே. அது எப்புடி வரும்?"

பேப்பரும் கையுமா முயல் ரூம் வாசல்ல நின்னா பிரீதா. சிதம்பரத்துல மருந்தியல் படிக்கிற பொண்ணு. உள்ள முயலுங்களப் பாத்துக்கிற கலியமூர்த்தி கூண்டு கழுவிக்கிட்டு இருந்தாரு.

அரிசி மணி தண்டிக்கு ஒரு குச்சி. தோலுக்கு அடியில வச்சிட்டா மெள்ள மெள்ளக் கரைஞ்சி, மாசக்கணக்கா மருந்த விட்டுக்கிட்டே இருக்கும். கடைசியில குச்சியும் கரைஞ்சிடும், எடுக்கவே வேணாம். அதுதான் அவளோட மூணு வருஷ ஆராய்ச்சி. மூணு முயலுக்கு மருந்துக் குச்சி. ஒத்துப் பாக்குறதுக்காக மூணுக்கு மருந்தில்லாத குச்சி.

"குச்சிய மாத்தி வச்சிட்டியா, இல்ல பொய்யா எழுதுறியான்னு என் கைடு சபேசன் சார் கேக்குறாரு. நாளைக்குள்ள காரணம் சொல்லலன்னா எல்லாத்தயும் மூட்ட கட்டச் சொல்லிட்டாருண்ணே."

கலியமூர்த்தி நிமிரல. காட்டுமன்னார்கோயில்லேர்ந்து பஸ்ஸுல வர்றவரு. ஆடி மாசம் சம்சாரம் அமிர்தத்துக்குக் காரியம் முடிச்சிட்டு வந்ததுலேர்ந்து பேச்சே கொறஞ்சி போச்சு. முயலுங்ககிட்ட மட்டும்தான் பேசுவாரு.

"அதுங்களுக்கு மட்டும் ஏம்மா வெறும் குச்சி? நோயோட சாவட்டும்னா?"

"நோயா? இதுங்க எதுக்குமே நோய் கெடையாதுண்ணே. ரத்தத்துல மருந்து எவ்ளோ சேருதுன்னுதான் பாக்குறோம்."

தேய்ச்சிக்கிட்டு இருந்த பிரஷ் அப்படியே நின்னுச்சு.

"நோய் இல்லியா?"

"இல்லண்ணே. குச்சி மனுஷங்களுக்குத்தான். ரெண்டு மாசத்துல இருமல் நின்னதும் மாத்திரைய விட்டுடுறாங்கல்ல, அவுங்களுக்கு."

ஆறாம் நம்பர் முயல் கம்பிக்கு நடுவுல மூக்க நீட்டி அவரு வெரல மோந்து பாத்துச்சு.

"ஒன் குச்சி மேல தப்பில்லம்மா. சார்கிட்ட நானே வந்து சொல்றேன்."

கைய வேட்டியில தொடச்சிக்கிட்டு, சட்டப் பையிலேர்ந்து பாதி காலியான டி.பி. மாத்திர அட்டைய எடுத்து அவ கையில வச்சாரு.

"கேரட்டுல வச்சி நாந்தான் தெனம் அந்த மூணுக்கும் குடுத்தேன். முழுங்கிட்டேன், முழுங்கிட்டேன்னு என்கிட்ட சொல்லிட்டு, அமிர்தம் அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சி வச்சிட்டுப் போனதும்மா இது."