ஒரு வருசத் தள்ளுபடி

“இருபத்தஞ்சு வருசம்னு கட்டத்துல போட்டா, இருபத்திநாலு வருசம் ஒழைச்சவங்க பேரு வராதுங்களே?” என்றாள் பொற்கொடி, மில் முதலாளிக்குக் கம்ப்யூட்டர் திரையைக் காட்டி.

சூலூர்ப் பக்கத்து அந்த நூல் மில்லுக்கு, ஆட்களைத் தேடும் புரோகிராமை ஃபிளாப்பியில் கொண்டுவந்திருந்தாள். எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை வருட சர்வீஸ் என்று கட்டங்களை நிரப்பிப் பட்டனைத் தட்டினால், பொருந்துகிற பெயர்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும்.

அந்த வருடக் கட்டத்தின் மேல்தான் அவள் கண். அவள் அப்பா சுப்பையனுக்கு அதே மில்லில்தான் வேலை. முதலாளிக்கு அது தெரியாது. அடுத்த மாதம் மில்லுக்குப் பொன்விழா. இருபத்தைந்து வருடம் முடித்தவர்களுக்குத் தங்கக்காசு என்று ஊரெல்லாம் பேச்சு. “ஒரே வருசத்துல தவறிப்போச்சு கண்ணு” என்று அப்பா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனது அவளுக்கு ஆறவில்லை.

முதலாளி தம்பிதுரை லேசுப்பட்ட ஆள் இல்லை. பஞ்சு வியாபாரியைப் பேரம் பேசியே அழவைத்து அனுப்புகிறவர்.

“வருசத்துக்குப் பக்கத்துல ப்ளஸ், மைனஸ் வெச்சிருக்கேனுங்க. ஒண்ணு கொறச்சுப் பாக்கட்டுங்களா?”

“லிஸ்ட்டு நீளுமே அம்மணி?”

“பாவம், அவங்களும் ஒழைச்சவங்கதானுங்களே.”

“நீளட்டும். இருபத்திநாலே போடுங்க.”

பேசத் தயாராக வைத்திருந்த நியாயமெல்லாம் அவளிடமே மிஞ்சிவிட்டது. சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் வாங்குகிறவனைக் கண்டால் எந்த வியாபாரிக்கும் சந்தேகம் தட்டும். பொற்கொடி வியாபாரி இல்லையே, பட்டனைத் தட்டினாள்.

புதிதாக வந்து சேர்ந்த பெயர்களில் சுப்பையனும் இருந்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தம்பிதுரை மேனேஜரைக் கூப்பிட்டார். “ஏனுங்க சென்னிமலை, இங்க வந்து பாருங்க. நாம இருபத்தஞ்சோட நின்னுபோட்டோம். அம்மணி இன்னும் கொஞ்சம் பேரப் புடிச்சுக் குடுத்துட்டாங்க.”

“நல்லதாப் போச்சுங்க. எப்பங்க வெச்சுக்கலாம்?”

“பொன்விழாவுக்கு முன்னாடியே அத்தன பேருக்கும் கணக்கு முடிச்சு ஊட்டுக்கு அனுப்பிப்போடுங்க.”